அலாரம் அடிக்கிற மாத்திரை டப்பா: எட்டு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

வாங்குறதுக்கு முன்னாடி ரிவ்யூ தேடுனேன், எல்லாருமே ப்ரஷர் மாத்திரை, சத்து மாத்திரைக்குத்தான் எழுதியிருந்தாங்க, தினமும் கேன்சர் மாத்திரை போடுறவங்க ஒருத்தரும் எழுதல, அதான் நானே உக்காந்துட்டேன். எனக்கு சிஎம்எல், ரத்தப் புற்றுநோய்ல ஒரு வகை. இமாட்டினிப் 400 மி.கி., தினம் ஒண்ணு. 2001-லதான் இந்த மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதியே கிடைச்சுது, அதுக்கு முன்னாடி இந்த நோய் வந்தவங்க கதையே வேற, அதனால மாத்திரையைத் திட்ட எனக்கு மனசு வராது. டப்பாவைத்தான் திட்டப்போறேன்.

ஏழு அறை, நாளைக்கு ஒண்ணு. மேல குட்டியா ஒரு ஸ்க்ரீன். செட் பண்ண நேரத்துக்கு கீ கீன்னு கத்தும், அன்னிக்கான மூடியத் திறந்தாத்தான் வாய மூடும். பிரச்சனையே இங்கதான். முதல்ல காலைல எட்டு மணிக்கு வச்சேன், அது கத்தும்போது நான் சாப்பிட்டிருக்க மாட்டேன், சத்தத்த நிறுத்த மூடியத் திறப்பேன், திறந்தா மாத்திரை கண்ணுல படும், பட்டா கை சும்மா இருக்குமா, ரெண்டு மடக்கு தண்ணில முழுங்கிடுவேன். இருபது நிமிஷத்துல குமட்ட ஆரம்பிச்சா மதியம் வரைக்கும் ஒரு வேலையும் ஓடாது. இந்த மாத்திரை வயித்த எரிக்கும், சாப்பாட்டோட பெரிய டம்ளர் தண்ணி குடிச்சுத்தான் போடணும்னு டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தாங்க. தெரிஞ்சே பண்ணேன்.

அப்புறம் பெரிய புத்திசாலி மாதிரி ராத்திரி பத்துக்கு மாத்துனேன், குமட்டுனாலும் தூக்கத்துல தெரியாதுல்ல. சிலருக்கு அது ஒத்துவருது, எனக்கு வரல. எட்டு மணிக்கே சாப்பிட்டு முடிச்சு, பத்து மணிக்குப் போட்டு, உடனே படுத்தேன். நடுராத்திரி ரெண்டு மணிக்கு தொண்டை வரைக்கும் எரிஞ்சுது.

இதுக்கு மேல நானா ஆராய்ச்சி பண்ண வேணாம்னு டாக்டர்கிட்டயே கேட்டேன். கடிகாரத்த விடுங்க, தினமும் தவறாம ஒழுங்கா உக்காந்து சாப்பிடுறது எந்த வேளை அதச் சொல்லுங்கன்னாங்க. மதியம்னேன். அப்ப மதியமே போடுங்கன்னுட்டாங்க. இந்த மருந்து உடம்புல பாதியா குறையவே கிட்டத்தட்ட 18 மணி நேரம் ஆகுமாம், அதனால ஒரு அரைமணி முன்னப்பின்ன ஆனா குடி முழுகிடாது, ஆனா தினமும் ஏறக்குறைய அதே நேரமா இருக்கணும். எப்படி மாத்தணும்னும் அவங்களே சொன்னாங்க, கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திக்கிட்டு வந்தேன்.

இப்ப அலாரம் 1:10. ஒரு மணிக்கு சாப்பிட உக்காருவேன், பாதி சாப்பாட்டுல கத்தும், மாத்திரை, ஒரு முழு டம்ளர் தண்ணி, அப்புறம் மீதிச் சாப்பாடு. ஒரு மணி நேரத்துக்கு படுக்குறதில்ல. தினமும் இருந்த குமட்டல் இப்ப எப்பவாவது ஒரு நாள்தான். ஆனா கெண்டைக்கால்ல பிடிக்கிற பிடிப்பும் காலைல கண்ணு இமை வீங்குறதும் அப்படியேதான் இருக்கு, நேரத்த மாத்துனா எல்லாம் போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

டப்பாவால நிஜமா கிடைச்ச லாபம் அலாரமே இல்ல. "போட்டேனா, போடலையா"ங்கிற அந்த சந்தேகம் இருக்கே, முன்னாடி அதுலயே பாதி நாள் போகும், ஸ்ட்ரிப்ப எடுத்து எண்ணுவேன், தேதிய எண்ணுவேன், கணக்கு இடிக்கும், அழுகையே வரும். இப்ப அறை காலியா இருந்தா போட்டாச்சு, அவ்ளோதான். ஒரு நாள் மீட்டிங்னு சத்தத்த ஆஃப் பண்ணிட்டு சுத்தமா மறந்துட்டேன், ராத்திரி தூங்கப் போகும்போது பாத்தா மாத்திரை அப்படியே கிடக்கு. விட்டதுக்கும் சேத்து ரெண்டா போடக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, மறுநாள் மதியம் வழக்கம்போல ஒண்ணுதான்.

எல்லாருக்கும் இது ஆகாது. இதே நோய்க்குக் குடுக்குற நிலோட்டினிப்ங்கிற காப்ஸ்யூல் போடுறவங்க ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, அதுவும் வெறும் வயித்துல, போடுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியும் ஒரு மணி நேரம் பின்னாடியும் எதுவும் சாப்பிடக்கூடாது, அவங்களுக்கு ஏழு அறை டப்பா எந்த மூலைக்கு? கேப்பசிட்டபின்னு இன்னொரு கேன்சர் மாத்திரை, அத பெரும்பாலும் ரெண்டு வாரம் போட்டு ஒரு வாரம் விடுவாங்க, விடுற வாரத்துலயும் இது பாட்டுக்கு கத்திக்கிட்டே இருக்கும். சில மாத்திரைய அதோட ஸ்ட்ரிப்ல இருந்தோ பாட்டில்ல இருந்தோ எடுத்து வைக்கவே கூடாது, மருந்துக்கடையில கேட்டுட்டு டப்பா வாங்குங்க. வேற யாராவது ரொப்பிக் குடுத்தா உடைஞ்ச மாத்திரைய வெறுங்கையால தொட வேணாம்னு சொல்லிவைங்க.

மூடி ரொம்ப டைட், விரல் பிடிச்சுக்கிற நாள்ல ஸ்பூன் வச்சு நெம்புறேன். பேட்டரி போனா சொல்லாமக் கொள்ளாம நேரம் பன்னெண்டுக்குப் போயிடும். அஞ்சுக்கு மூணு ஸ்டார். நாலு குடுத்திருப்பேன், ஆனா புதன்கிழமை மூடியோட கொக்கி மூணாவது மாசமே உடைஞ்சுது, டேப் ஒட்டிட்டேன், டப்பா என்னடான்னா அந்த மூடி எப்பவுமே திறந்தே இருக்கிறதா நினைச்சுக்கிட்டு புதன்கிழமை மட்டும் கத்துறதே இல்ல. அன்னிக்கு 1:10-க்கு வீட்டுக்காரர் போன் பண்ணி "கீ கீ"ங்கிறார்.