பழைய டிவிடி ரைட்டரின் சிவப்பு லேசர்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டது

பழைய டிவிடி ரைட்டரிலிருந்து கழற்றிய லேசர் டையோடு (லேசர் ஒளியை உமிழும் சிறு பாகம்) நெடுநாள் உழைக்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: மின்னோட்டத்தில் பேராசை காட்டாதவரை உழைக்கும். என் சிறிய செதுக்கு இயந்திரத்தில் இருக்கும் டையோடு மும்பையின் மழைக்காலங்களைத் தாண்டி இன்றும் அதே பொலிவுடன் எரிகிறது.

ட்ரைவ்களை நான் தாராவியின் காயலான் கடைகளில் வாங்குகிறேன். மற்ற உதிரிபாகங்களுக்கு கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி லாமிங்டன் ரோடு. "அண்ணாச்சி, ரைட்டர் மட்டும் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளட்டுமா?" என்றால், "எடுத்துக்கொள் தம்பி, எல்லாம் ஒரே எடைதான்" என்பார் கடைக்காரர். பொறுக்குவதில்தான் விஷயம் இருக்கிறது. வட்டைப் படிக்க மட்டும் செய்யும் ட்ரைவில் சில மில்லிவாட் லேசரே உண்டு. எழுதுவதற்கு வட்டின் சாய அடுக்கைச் சூடாக்க வேண்டும் என்பதால், ரைட்டரில் 100 மில்லிவாட்டைத் தாண்டும் சிவப்பு டையோடு இருக்கும். 'காம்போ' என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். அது சிடியில் எழுதும், டிவிடியைப் படிக்க மட்டுமே செய்யும். அதில் வலுவாக இருப்பது அகச்சிவப்பு டையோடுதான்.

அந்த அகச்சிவப்பை நான் தொடுவதே இல்லை. சிடிக்கான 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. தெரியாத ஒளிக்கு இமை மூடாது, ஆனால் விழித்திரை வெந்துபோகும். டிவிடிக்கான 650 நானோமீட்டர் சிவப்பும் ஆபத்தானதுதான், ஆனால் அது இருக்கும் இடமாவது தெரியும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஆரஞ்சு நிறக் கண்ணாடி நீலம், ஊதா லேசர்களுக்கானது. சிவப்பை அது அப்படியே உள்ளே விட்டுவிடும். 650 நானோமீட்டரைத் தடுப்பதாகக் குறிப்பிட்டிருக்கும் கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள்.

டையோடுகள் பெரும்பாலும் சாவது கழற்றும்போதுதான், நிலைமின்சாரத்தால். நாடா கேபிளை வெட்டுவதற்கு முன்பே டையோடின் கால்களைச் சேர்த்து ஈயம் வைத்துவிடுங்கள், அல்லது மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிவிடுங்கள். டையோடு ஒரு சிறிய உலோகக் கட்டையில் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். கட்டையின் ஓரத்தை வெட்டுக்குறடால் மெல்ல நெருக்கினால் அது விரிந்து டையோடை விட்டுவிடும். டையோடின் உறை 5.6 மில்லிமீட்டர் அகல உலோகக் குப்பி, உச்சியில் கண்ணாடிச் சாளரம். லென்ஸ் பொருத்தும் 12 மில்லிமீட்டர் பித்தளைக் கூட்டுக்குள் இதை அழுத்தும்போது விளிம்பில் மட்டுமே விசை விழ வேண்டும். சாளரத்தில் பட்டால் உடைந்துவிடும்.

மின்னோட்டத்தைப் பற்றி நான் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஆயுள் இதில்தான் அடங்கியிருக்கிறது. ட்ரைவுக்குள் இந்த டையோடு கணநேரத் துடிப்புகளாக எழுதுகிறது. நாம் அதைத் தொடர்ச்சியாக எரிக்கிறோம். அளவு மீறினால் ஒளி வெளியேறும் முகப்பு கருகிவிடும். அதன் பிறகும் அது எரியும், ஆனால் மங்கலான எல்இடி போலத்தான். எல்எம்317 என்ற மின்சீராக்கிச் சில்லை நிலையான மின்னோட்டம் தரும்படி அமைத்தால் போதும். 1.25 வோல்ட்டை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைத்துவிடும். நான் 6.8 ஓம் வைத்திருக்கிறேன், ஏறக்குறைய 184 மில்லி ஆம்பியர். 5 ஓம் வைத்து 250 வரை ஏற்றுபவர்கள் உண்டு. கூடுதலாகக் கிடைக்கும் ஒளிக்காக ஆயுளைக் குறைத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. லேசர் டையோடை இணைக்கும் முன், அதன் இடத்தில் நான்கு 1என்4007 சாதாரண டையோடுகளையும் ஒரு 1 ஓம் மின்தடையையும் தொடராக வைத்துச் சோதியுங்கள். மின்தடையின் குறுக்கே மீட்டர் காட்டும் மில்லிவோல்ட்தான் மில்லி ஆம்பியர். பின்பு சுற்றில் உள்ள மின்தேக்கியை முழுவதும் வடித்துவிட்டே லேசரை இணைக்க வேண்டும். அதில் தேங்கிய மின்சாரம் ஒரே நொடியில் டையோடைக் கொன்றுவிடும்.

இயந்திரத்தின் இரு அச்சுகளும் இரண்டு ரைட்டர்களின் நகர்த்திகளே, அதாவது லேசர் தலையை முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்புகள். ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் சதுரம்தான் கிடைக்கும். இயக்குவது ஆர்டுய்னோ யூனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, அதில் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள், மோட்டார்களை ஓட்ட இரண்டு ஏ4988 பலகைகள். அந்தச் சின்ன மோட்டார்களுக்கு ஏற்றபடி ஏ4988 பலகையின் மின்னோட்ட வரம்பைக் குறைத்தே வைக்க வேண்டும். கறுப்பு அட்டையில் கோடு கூர்மையாக விழுகிறது. மென்மரத்தில் மிக மெதுவாக ஓட்டினால் பழுப்பாகப் பதிகிறது. வெள்ளைத் தாளிலும் கண்ணாடித்தாளிலும் எதுவும் நடக்காது. வினைல் ஸ்டிக்கரை வெட்டவே வேண்டாம், அது பிவிசி பிளாஸ்டிக், கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும்.

மும்பையில் பராமரிப்பு என்றால் ஈரப்பதத்துடன் போராடுவதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை நகர்த்தியின் எஃகுத் தண்டுகள் துருப்பிடிக்கப் பார்க்கும், தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் அடங்கிவிடும். புகை படிந்து லென்ஸ் மங்கும்போது டையோடு தேய்ந்துவிட்டதாகத் தோன்றும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்க்காமல் மின்னோட்டத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

மேசைக் கணினியின் தடித்த ரைட்டர்களையே தேடுங்கள். மடிக்கணினியின் மெல்லிய ட்ரைவ்களில் டையோடு இன்னும் சிறிய உறையில் இருக்கும். 12 மில்லிமீட்டர் கூட்டில் அது பொருந்தாது. அவற்றை நான் மோட்டாருக்காக மட்டுமே எடுத்துவைக்கிறேன்.