மழுங்கிய போல்ட்: தட்டலாமா, சூடு காட்டலாமா, துளைக்கலாமா?

வண்டியில் ஒரு போல்ட்டைக் கழற்ற, ஆலன் கீயை, அதாவது அறுகோணக் கம்பிச் சாவியைச் செருகித் திருப்புகிறோம். முதலில் இறுகிப் பிடிக்கிறது. அப்புறம் சட்டென்று வழுக்கிச் சுற்றுகிறது. வெளியே எடுத்துப் பார்த்தால் கீயின் நுனியில் வெள்ளிப் பொடி ஒட்டியிருக்கும். போல்ட் தலையில் இருந்த அறுகோணக் குழியின் மூலைகள்தான் அந்தப் பொடி.

இன்னொரு தரம் முயன்று பார்ப்போமே என்று கை பரபரக்கும். அங்கேதான் நிறுத்த வேண்டும். தலையில் மிச்சமிருக்கும் இரும்பை நம்பித்தான் அடுத்த வேலை எதுவும். அதனால் இந்த வழிகளை நான் எடைபோடுவது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான்: இது தோற்றால், அடுத்த வழிக்கு என்ன மிஞ்சும்?

அதற்கு முன் ஒரு விஷயம். போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால் மழுங்கியது தலை இல்லை, உள்ளே மரை போயிருக்கிறது. தலைக்கு அடியில் தட்டை ஸ்க்ரூடிரைவரை நெம்பு கொடுத்துப் பிடித்தபடி திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். அப்புறம் ஹெலிகாயில் என்கிற கம்பிச் சுருளைப் போட்டுப் புது மரை வைக்க வேண்டியதுதான். கீழே சொல்வதெல்லாம் தலை போன கேஸுக்கு.

முதல் போட்டி எண்ணெய்க்கும் சூட்டுக்கும். துருப்பிடித்த போல்ட்டுக்கு, துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவைப்பது நல்ல பழக்கம். டபிள்யூடி-40 கையருகே இருக்கும், எல்லாரும் அதைத்தான் அடிப்பார்கள். அது அடிப்படையில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவான திரவம். ஊடுருவுவதற்கென்றே வரும் எண்ணெய் அதைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் பிரேக் டிஸ்க் பிளேட் போல்ட் மாதிரி மரையில் லாக்டைட் என்கிற பூட்டும் பசை போட்டு இறுக்கியவற்றில் எந்த எண்ணெயும் பலிக்காது. அங்கே பிடித்துவைத்திருப்பது பசை. சிவப்பு ரகப் பசை இளக ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஹீட் கன்னைக் கொஞ்சம் பொறுமையாகக் காட்டினால் அந்தச் சூடு கிடைக்கும்.

இன்ஜின் கேஸில், அதாவது இன்ஜினின் அலுமினிய வெளிக்கூட்டில், சூட்டுக்கு இன்னொரு லாபமும் உண்டு. அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். கேஸைச் சுற்றிலும் சுடவைத்தால் ஓட்டை விரிந்து, போல்ட்டின் மீதுள்ள பிடி தளரும். அதனால் என் ஓட்டு சூட்டுக்கு. இரண்டையும் சேர்த்துச் செய்ய மட்டும் நினைக்காதீர்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் நெருப்பைக் காட்டினால் பற்றிக்கொள்ளும். டேங்க், கார்புரேட்டர் பக்கமெல்லாம் நெருப்பு டார்ச்சே வேண்டாம். கார்புரேட்டரின் சின்ன ஸ்க்ரூக்களுக்கு, அதைக் கழற்றிப் பெட்ரோலை முழுக்க வடித்து உலரவிட்ட பிறகு, சால்டரிங் அயர்ன் நுனியைத் தலையில் ஒரு நிமிடம் வைத்தால் போதும்.

ஸ்டார் தலை ஸ்க்ரூ, அதாவது கூட்டல் குறிக் குழி உள்ளது என்றால் இம்பேக்ட் டிரைவர்தான் ராஜா. மின்சாரத்தில் ஓடுவதைச் சொல்லவில்லை, சுத்தியலால் அடிக்கும் கைக்கருவி. பின்பக்கம் ஓர் அடி விழுந்தால் பிட்டைக் குழிக்குள் அழுத்திக்கொண்டே கொஞ்சம் திருப்பும். சாதாரண ஸ்க்ரூடிரைவர் முரண்டு பிடிக்கும் ஸ்க்ரூவில் மேலே ஏறி வெளியே வழுக்கும். இதில் அதற்கு இடமே இல்லை. இன்னொன்று: ஜப்பானிய வண்டிகளில் பல ஸ்டார் ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் என்கிற ஜப்பானியத் தர அளவில் வந்தவை. தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது அந்த ரகம். சாதாரண பிலிப்ஸ் பிட் அதில் முழுசாக உட்காராது. துரு என்று பழிபோடுகிற பாதிக் கேஸில் குற்றவாளி கையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவர்தான். ஆனால் இம்பேக்ட் டிரைவருக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க கனமான உலோகம் இருக்க வேண்டும். கார்புரேட்டரிலோ மெல்லிய காதுகளிலோ அடித்தால் ஸ்க்ரூவுக்குப் பதில் பாகம் உடையும்.

ஆலன் தலைக்கு, ஆறு முனை நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட்டை அடித்து இறக்குவது நல்ல வழி. 5 மி.மீ. குழிக்கு டி30, 6 மி.மீ. குழிக்கு டி40. அதன் கூர்முனைகள் மழுங்கிய சுவரில் தாமே புதுப் பள்ளம் வெட்டிக்கொள்ளும். அடிக்கிற அதிர்ச்சியில் துருவும் இளகும். ரப்பர் பேண்டை இடையில் வைத்துத் திருப்பும் தந்திரம் இணையத்தில் பிரபலம். இறுகிப்போன போல்ட்டில் ரப்பர் கிழிந்ததுதான் நான் கண்ட பலன். அதற்குப் பதில் பிட் நுனியில் வால்வ் தேய்க்கும் பேஸ்ட் கொஞ்சம் தடவுங்கள், அதிலுள்ள மணல் பிடித்துக்கொள்ளும்.

வெளியே அறுகோணத் தலை மழுங்கியிருந்தால், 12 மூலை ரிங் ஸ்பேனரை ஓரம் வைத்துவிட்டு 6 மூலை சாக்கெட்டை எடுங்கள். அதுவும் வழுக்கினால் ஒரு சுற்று சிறியதை அடித்து இறக்கலாம்: 13 மி.மீ. தலையில் அரை இஞ்ச் சாக்கெட், அதாவது 12.7. வைஸ் கிரிப் என்கிற, கவ்விப் பூட்டிக்கொள்ளும் இடுக்கிக்குத் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போதும். உளியைத் தலையின் ஓரத்தில் வைத்து இடப்பக்கமாகத் தட்டுவது பழைய மெக்கானிக் வழி. வேலை செய்யும், ஆனால் கை தவறினால் கேஸில் தழும்பு நிச்சயம்.

இதெல்லாம் தோற்றால் துளைக்க வேண்டியதுதான். ஈஸி அவுட் என்கிற எக்ஸ்ட்ராக்டருக்குத்தான் எல்லாரும் முதலில் ஓடுகிறார்கள்; போல்ட்டில் போட்ட ஓட்டைக்குள் இறங்கி, கழற்றும் திசையில் திருப்பத் திருப்பக் கவ்வும் கருவி அது. நானும் ஓடினேன். கிளட்ச் கவரில் மற்ற போல்ட்டெல்லாம் வந்துவிட்டன, புகைபோக்கி பைப்புக்கு அருகில் இருந்த ஒன்று மட்டும் வரவில்லை. நடுவில் ஓட்டை போட்டு, எக்ஸ்ட்ராக்டரை இறக்கி, டேப் (மரை வெட்டும் கருவி) ஹேண்டிலை மெதுவாகத்தான் திருப்பினேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். போல்ட் கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கையோடு வந்தது எக்ஸ்ட்ராக்டரின் மேல் பாதி. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. உள்ளே மாட்டிய மீதிப் பாதி மிகக் கடினமான எஃகு, சாதாரண டிரில் பிட் அதன்மேல் பளபளப்பு ஏற்றியதோடு சரி.

காரணம் எளிது. கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டர் உள்ளே போகப் போகப் போல்ட்டை வெளிப்பக்கமாகப் பிதுக்கி மரையில் இன்னும் இறுக்கும். கடினமாக இருப்பதால் வளையாது, உடையும். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் போல்ட்டுக்கு அது சரி; இறுகிய போல்ட்டுக்கு நான் இனித் தொடமாட்டேன்.

அதைவிட இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட் மேல். துளைக்கும்போதே கழற்றும் திசையில் இழுக்கிறது, சூடும் ஏறுகிறது. பாதித் துளையிலேயே போல்ட் சுழன்று வெளியே வருவதுண்டு. கவர் போல்ட்டுக்கு எனக்கு மிகப் பிடித்த வழியோ, தலையை மட்டும் துளைத்து எடுப்பது. தண்டு 6 மி.மீ. உள்ள ஆலன் போல்ட் என்றால் அதே 6 மி.மீ. டிரில் பிட், குழியே பிட்டுக்கு வழிகாட்டி. தலையின் உயரமும் கிட்டத்தட்ட 6 மி.மீ.தான். அவ்வளவு ஆழம் போனதும் தலை வளையம்போல் பிரிந்து பிட்டோடு சுற்றும். தலை போனால் இறுக்கமும் போச்சு. கவரைத் தூக்கினால் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பல நேரம் வைஸ் கிரிப்பில் லேசாகவே சுற்றி வந்துவிடும். அன்றைக்கு இதைச் செய்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்.

தண்டு கேஸோடு மட்டமாக ஒடிந்திருந்தால் கதை வேறு. அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் போடுவதுதான் சிறந்தது. புதுத் தலையும் கிடைக்கிறது, உள்ளுக்குள் சூடும் கிடைக்கிறது. இரும்பு வெல்டிங் அலுமினியத்தோடு ஒட்டாது, அதனால் மரைக்குப் பெரிய ஆபத்து இல்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் மட்டும் வெல்டிங் கம்பியைத் தொடக் கூடாது. பழகாத கை என்றால் பட்டறைக்குக் கொண்டுபோவதே மேல்.

போல்ட் வந்தபின் ஓட்டைக்குள் டேப்பைக் கையாலேயே ஓட்டிச் சுத்தம் செய்து, புது போல்ட் போடுங்கள். அலுமினியத்தில் 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டால் இறுக்கும் அளவுதான். கவர் போல்ட்டுகள் ஒரே நீளமாகவும் இருக்காது. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றக் கழற்ற அந்தந்த இடத்தில் குத்தி வைத்துக்கொண்டால், மாட்டும்போது நீள போல்ட் குட்டை ஓட்டையில் போய் முட்டாது.