தென்னை நார் சவுண்ட் பேனல் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஊதிப் பாருங்கள்

நாகர்கோவிலில் வீட்டு மாடியில் தபேலா கிளாஸ் நடத்துகிறேன். அறையில் எதிரொலி தாங்கவில்லை, பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவு. இன்டீரியர் வேலை செய்யும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "முழுக்க தென்னை நாரு சார், இயற்கைப் பொருள். உள்ள செண்டையே அடிச்சாலும் வெளிய கேக்காது" என்றார். பணத்தையும் முழுசாக வாங்கிக்கொண்டார்.

ஒட்டி முடித்தும் எதிரொலி அப்படியே இருக்கிறது. "இன்னும் கேக்குது தம்பி" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சந்தேகப்பட்டு ஒரு பலகையைக் கழற்றி அறுத்தேன். மேலே மெல்லிசாக ஒரு அடுக்கு நார், அதன்மேல் கெட்டியாக பெயிண்ட், உள்ளே முழுக்கத் தெர்மோகோல்! ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில் நாருக்கா பஞ்சம்? அதுதான் மனசு ஆறவில்லை.

நார் ஒலியை உறிஞ்சுவது அதன் இழைகளுக்கு நடுவே உள்ள துளைகளால். ஒலி வரும்போது அந்தத் துளைகளில் காற்று அதிர்ந்து, இழைகளில் உராய்ந்து, ஒலியின் ஆற்றல் வெப்பமாகிவிடும். பெயிண்டால் துளையை அடைத்தால் காற்று உள்ளேயே போகாது. தெர்மோகோலில் இருப்பதோ ஒன்றோடொன்று சேராத மூடிய அறைகள். அதனால் பலன் இல்லை.

தடிமனும் முக்கியம். ஒலியின் அலைநீளம் கூடக் கூட அதை உறிஞ்சத் தடிமனும் கூட வேண்டும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 செ.மீ., 100 ஹெர்ட்ஸுக்கோ 3.4 மீட்டர். அசல் நாரே ஆனாலும் அரை இஞ்ச் பலகையைச் சுவரோடு ஒட்டினால் கீச்சு ஒலிதான் குறையும், டக்காவின் (தபேலா ஜோடியில் இடக்கைப் பெரிய முரசு) கனத்த நாதம் குறையாது. தடிமனைக் கூட்டி, பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பொருத்தினால்தான் கீழ் ஸ்தாயியிலும் பலன் தெரியும்.

அப்புறம், "வெளியே கேட்காது" என்று சொல்லி எந்த நார்ப்பலகையை விற்றாலும் நம்பாதீர்கள். நார் அறைக்குள் இருக்கும் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். சத்தம் வெளியே போகாமல் தடுக்கக் கனமான சுவரும் சந்தில்லாத கதவும் வேண்டும்.

வாங்கும்போது பலகையில் வாயை வைத்து ஊதுங்கள், மறுபக்கம் காற்று வர வேண்டும். உங்கள் கண்முன்னே ஒரு துண்டை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பொருள் எவ்வளவு ஒலியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஐஎஸ்ஓ 354 முறைப்படி சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே என்ன பொருள், எத்தனை மி.மீ. என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

பணத்தைக் கேட்டால், "ஒட்டினத திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார். பில்லும் அறுத்த துண்டும் கையில் இருக்கின்றன, நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். இதே பலகையை வாங்கியவர்கள் கழற்றி எறிந்துவிடாதீர்கள், போட்டோ எடுத்துப் பில்லோடு வைத்திருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915.