நாடு மாற உதவுவதாகச் சொல்லி 3,800 டாலரைச் சுருட்டிவிட்டார்கள். நீங்களும் மாட்டாதீர்கள்

நேற்று ராத்திரி அவர்களிடமிருந்து கடைசி பதில் வந்தது. "உங்கள் கோப்பு வெற்றிகரமாக முடிக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. தூக்கம் வரவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. எந்த நாட்டுக்குப் போகலாம் என்று நமக்காகத் தேர்ந்தெடுத்து, அங்கே குடியேற வழியும் செய்து தருவதாகச் சொல்லும் இணைய ஆலோசனைத் தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனது 3,800 டாலர். இவர்களிடமிருந்து எப்படித் தப்புவது என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

வேலைக்காகப் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. வேலை கிடைக்கும் ஊருக்குப் போவார்கள். அரசியலுக்காகப் போக நினைப்பவருக்கு உலக வரைபடம் முழுக்கக் கேள்வியாகத்தான் தெரியும். என்மேல் வழக்கு எதுவும் இல்லை. ஆனால் என்னோடு வேலை பார்த்த ஒருவரை, யாரோ எழுதியதைப் பகிர்ந்ததற்காக விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து நான் எழுதியதையெல்லாம் நானே தேடித் தேடி அழித்துக்கொண்டிருந்தேன். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை சொல்லும் ஐந்து காரணங்களில் அரசியல் கருத்தும் ஒன்றுதான். ஆனால் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்துக்கு அடிப்படை இருக்க வேண்டும். ஆட்சி பிடிக்கவில்லை என்பது போதாது. நான் அகதியும் இல்லை, நிம்மதியாக இருப்பவளும் இல்லை. இப்படி நடுவில் நிற்பவர்களைப் பார்த்துத்தான் வலை வீசுகிறார்கள்.

முதல் அழைப்பில் பேசியவர் நம்மூர்க் குரல்காரர். எடுத்த எடுப்பில் "அக்கா" என்றார். எந்த நாடு என்று கேட்கவே இல்லை. "உங்களுக்கு எதைப் பார்த்து பயம்? அதைச் சொல்லுங்க, நாடு தானா வந்துடும்" என்றார். நாற்பது நிமிஷம் பேசியிருப்பேன். கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாததை எல்லாம் அந்த ஆளிடம் கொட்டினேன். அவரும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

நான் மனதில் நார்வேயை வைத்திருந்தேன். பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 2017 முதல் தொடர்ந்து முதலிடத்தில் இருந்த நாடு. அதைச் சொன்னதும் சிரித்தார். "நார்வேயை மறந்துடுங்கக்கா. அங்க வேலையோ குடும்பமோ இல்லாம உள்ள போக முடியாது. பணம் வாங்கிக்கிட்டு பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை."

நான் விழுந்தது இந்த இடத்தில்தான். ஒரு நாட்டை வேண்டாம் என்று சொன்னதால், அவர் இன்னொரு நாட்டைச் சொன்னபோது மறுபேச்சில்லாமல் நம்பினேன். எல்லாமே கிடைக்கும் என்று சொல்லியிருந்தால் அப்போதே போனை வைத்திருப்பேன்.

முதலில் 800 டாலர், நாட்டுத் தேர்வு அறிக்கைக்கு. நாற்பது பக்கம் வந்தது. நீதிமன்றம், ஊழல், பத்திரிகை, குடியுரிமை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், கலர் கலராகக் கட்டங்கள். முதலிடம் எஸ்டோனியா. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, பத்திரிகைச் சுதந்திரத்தில் சில ஆண்டுகளாக முதல் பத்துக்குள் வருகிறது. அதெல்லாம் உண்மைதான், நானே சரிபார்த்தேன். நாட்டைச் சரிபார்த்த நான், அவர் சொன்ன வழியைச் சரிபார்க்கவில்லை.

"அங்க டிஜிட்டல் ரெசிடென்சின்னு ஒண்ணு இருக்குக்கா. புது முறை. கார்டு கைக்கு வந்ததும் போய் இறங்கிடலாம், மத்ததை அங்க போய்ப் பாத்துக்கலாம்." இதற்கு 3,000 டாலர். கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம், வங்கியிலிருந்து நேராக அனுப்பினால் சலுகை என்றார். அனுப்பினேன். ஆக மொத்தம் 3,800.

இரண்டு மாதம் கழித்து, அட்டை வந்துவிட்டது, தூதரகத்தில் நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று தகவல் வந்தது. அன்றைக்கு நான் நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனேன், அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. கவுண்டரில் இருந்த பெண் கைரேகை எடுத்துவிட்டு, "மொழிபெயர்ப்பு நிறுவனம் எப்போது தொடங்கப்போகிறீர்கள்?" என்று அன்பாகக் கேட்டார். எந்த நிறுவனம்? விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் அப்படித்தான் எழுதியிருந்ததாம். நான் அங்கே குடியேறப் போகிறேன் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

பொறுமையாக விளக்கினார். இ-ரெசிடென்சி என்கிற இந்தத் திட்டம் 2014 டிசம்பரில் தொடங்கியது. வெளிநாட்டில் இருந்தபடியே எஸ்டோனியாவில் கம்பெனி பதிவு செய்யவும், இணையத்தில் கையெழுத்துப் போடவும் உதவுகிற அட்டை. நாட்டுக்குள் நுழைய இது விசா இல்லை. தங்க அனுமதி இல்லை. பயண ஆவணமும் இல்லை. அட்டையில் என் புகைப்படம்கூடக் கிடையாது! நாமே நேரடியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம், அரசுக் கட்டணம் நூற்றுச் சொச்சம் யூரோ. நான் கொடுத்தது 3,800 டாலர். வெளியே வந்து தூதரகச் சுவரோரம் நின்று அழுதேன்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. "அக்கா" என்று கூப்பிட்டவர் இரண்டாவது போனில் "மேடம்" என்றார். மூன்றாவது போனை எடுக்கவில்லை. அதன்பின் எல்லாம் மின்னஞ்சல்தான், "டியர் கிளையண்ட்" என்று தொடங்கும். சட்டப் பிரிவு பார்க்கிறது என்றார்கள். சட்டப் பிரிவில் விடுமுறை என்றார்கள். தளத்தின் அரட்டைப் பெட்டியில் கேட்டால், "உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியம்" என்று சொல்லிவிட்டு எந்த நாட்டில் ஆர்வம் என்று முதலிலிருந்து கேட்டது. ஒரு வாரம் கழித்து ஒப்பந்தத்தின் ஒரு பத்தியை மஞ்சள் கோடு போட்டு அனுப்பினார்கள். "மின்னணு ரெசிடென்சி பெற்றுத் தரப்படும்" என்று அதில் தெளிவாக இருந்தது. பெற்றுத் தந்துவிட்டார்களே! குடியேறலாம் என்று வாயால் சொன்னதற்கு எந்தப் பதிவும் இல்லை. நாற்பது நிமிஷம் என் பயத்தையெல்லாம் கேட்டவர் ஒரு வரியும் எழுத்தில் தரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வங்கியில் கேட்டேன். 3,000 டாலர் நானே அனுமதித்து அனுப்பியது, திரும்பாது. கார்டில் கட்டிய 800க்குப் புகார் போட்டேன், வாங்கிய அறிக்கைதான் வந்து சேர்ந்துவிட்டதே என்று தள்ளிவிட்டார்கள். 3,800 டாலரும் போயே போச்சு.

சரி, அந்த அறிக்கையாவது உருப்படியா என்று போன வாரம் உட்கார்ந்து மறுபடி படித்தேன். போர்ச்சுகலில் வீடு வாங்கினால் 'கோல்டன் விசா', அதாவது முதலீட்டுக்காகத் தரும் வசிப்பு அனுமதி, கிடைக்கும் என்று இருந்தது. அந்த வழியை 2023 அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். மால்டாவில் முதலீடு செய்து குடியுரிமை வாங்கலாமாம். அது சட்டத்துக்குப் புறம்பானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நார்வேக்குச் சொந்தமான வடதுருவத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். உண்மைதான். ஆனால் போகிற வழி நார்வே பெருநிலம், அதற்கு விசா வேண்டியிருக்கலாம். அங்கே போனாலும் உங்களை நீங்களே காப்பாற்றிக்கொள்ள வேண்டும், அங்கே கழித்த காலம் நார்வேயின் நிரந்தர வசிப்புக்குக் கணக்கில் வராது.

எல்லாவற்றையும் விட என்னை எரிச்சல்படுத்தியது ஜார்ஜியா. பல நாட்டுக்காரர்கள் விசா இல்லாமல் ஒரு வருடம் தங்கலாம் என்பது சரி. "அரசியல் எழுத்தாளர்களுக்கு ஏற்றது" என்று பத்துக்கு ஒன்பது கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டுப் பணம் பெறும் ஊடகங்களையும் தன்னார்வ அமைப்புகளையும் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் அங்கே 2024இல் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரில், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவதற்கான பேச்சுவார்த்தையை 2028 வரை தள்ளிவைப்பதாக அரசு அறிவித்ததும் தலைநகர் டிபிலிசித் தெருக்களில் இரவிரவாகப் போராட்டம் நடந்தது. நான் எதற்குப் பயந்து ஓடுகிறேனோ அதையே பத்துக்கு ஒன்பது போட்டு விற்றிருக்கிறார்கள். சுலபமாக நுழையக்கூடிய நாடும் நிம்மதியாக வாய் திறக்கக்கூடிய நாடும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது மதிப்பெண் போட்டவருக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தேதான் போட்டார்.

விவரமாக ஆலோசனை எழுதுகிறேன் என்றேன். இப்போது தெம்பு இல்லை, அவசரமாக நாலு வார்த்தை. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் போன்ற நாடுகளில் குடியேற்ற ஆலோசனைக்குக் காசு வாங்கப் பதிவோ உரிமமோ வேண்டும், பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அதில் ஆளின் பெயரைத் தேடிப் பாருங்கள். ஐநா அகதிகள் ஆணையம் பதிவுக்கு ஒரு காசும் வாங்காது, அதன் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் போனை வையுங்கள். "ரெசிடென்சி" என்ற சொல்லைக் கேட்டால் நுழையலாமா, தங்கலாமா, எத்தனை வருடம், நிரந்தரமாகுமா என்று அந்த நாட்டு அரசுத் தளத்திலேயே பாருங்கள். வாயால் சொல்வதை எழுதித் தரச் சொல்லுங்கள். வங்கியிலிருந்து நேராக அனுப்பினால் சலுகை என்றால் அனுப்பாதீர்கள். இவ்வளவுதான் இப்போதைக்கு.

அட்டை மேசை மேலேயே கிடக்கிறது. ஐந்து வருடம் செல்லுமாம்.