எக்ஸ்ரேயில் தெரியாத காயம்

காணும் பொங்கலன்று மாலை நாலரை மணிக்கு என் அண்ணன் மகன் கபடிக் களத்தில் விழுந்தான். எதிரணியில் ஒருவர் கையும் அவன்மேல் படவில்லை. பாடிப் போனவன் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். வலது பாதம் மண்ணில் பதிந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. "டப் என்று ஏதோ அறுந்தது அத்தை, எனக்கே காதில் கேட்டது" என்று அன்றிரவு சொன்னான். அதற்குள் முழங்கால் வீங்கி, சில்லு இருக்கும் இடமே தெரியாமல் போயிருந்தது.

நான் 14 ஆண்டுகளாகக் கனடாவில், ஒட்டாவா நகரத்தில் இருக்கிறேன். மூன்று வார விடுப்பில் காவேரிப்பட்டணத்துப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். வந்த வேலை, பார்க்க நினைத்த சொந்தங்கள் எல்லாம் ஒருபுறம் கிடக்க, இந்த ஒரு முழங்காலோடு பதினைந்து நாள் அலைந்தேன். எங்கே எது கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்பதை எழுதுகிறேன். வீட்டில் விளையாடும் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் போனது நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு. இரவு பத்து மணிக்கும் ஆள் இருந்தார்கள், உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த மட்டில் குறை சொல்ல முடியாது. மருத்துவர் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "எலும்பில் ஒன்றுமில்லை, வெறும் சுளுக்கு" என்றார். வலிக்கு ஓர் ஊசி, ஐந்து நாள் மாத்திரை, ஒரு முழங்கால் உறை. பையனின் காலை அவர் தொடவே இல்லை. மறுபடி வந்து காட்டச் சொல்லவும் இல்லை. அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் "எலும்பு உடையவில்லை" என்பதையே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. போன குளிர்காலத்தில் உறைபனியில் வழுக்கி எனக்குக் கணுக்கால் பிசகியது. நான் வாழும் நகரத்தின் பெயரிலேயே கணுக்காலுக்கு ஒரு விதி இருக்கிறது. ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வெளியிட்டது. கணுக்காலின் இருபுறத்து எலும்பு முனைகளையும், பாதத்தில் குறிப்பிட்ட இரண்டு இடங்களையும் அழுத்திப் பார்ப்பார்கள். நாலு அடி எடுத்து வைக்கச் சொல்வார்கள். அந்த இடங்களில் எலும்பு வலிக்காமல், நாலடி நடக்கவும் முடிந்தால் எக்ஸ்ரே தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். எனக்கும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஆனால் எலும்பு உடையவில்லை என்றதோடு அனுப்பிவிடவில்லை. வெளிப்பக்கத்து ஜவ்வு இழுபட்டிருக்கிறது என்று சொல்லி, ஆறு வாரம் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். ஒற்றைக்காலில் நிற்கப் பழக்கினார்கள். அந்தப் பயிற்சியை விட்டால் அதே கணுக்கால் திரும்பத் திரும்பப் பிசகும் என்றார்கள்.

எலும்பையும் எலும்பையும் இணைக்கும் நாரைத்தான் நம் ஊரில் ஜவ்வு என்கிறோம். எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. முழங்காலில் டப் என்ற சத்தம், சில மணி நேரத்துக்குள் பெரிய வீக்கம் இரண்டும் சேர்ந்து வந்தால், உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். மூட்டின் நடுவே குறுக்காக ஓடும் முன் சிலுவை ஜவ்வு கிழிந்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். அதிலும் பலரை யாரும் இடித்திருப்பதில்லை. ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போதும், குதித்துத் தரையிறங்கும்போதும் கிழிகிறது.

மறுநாள் அண்ணன் கட்டு போடுபவரிடம் போகலாம் என்றார். ஆந்திரத்துப் புத்தூர் கட்டின் பெயர் எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அதுபோக ஊருக்கு ஊர் வைத்தியர்கள் இருக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். நான் சண்டை போடத் தயாராகத்தான் உடன் போனேன். எழுபது வயதிருக்கும் அந்தப் பெரியவர் பையனைப் பாயில் படுக்க வைத்து, நல்ல காலை முதலில் தடவிப் பார்த்தார். பிறகு அடிபட்ட காலை. "இதில் கட்டுக்கு வேலையில்லை. ஜவ்வு போயிருக்கிறது, பெரிய டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெய் போட்டு யாரும் உருவ வேண்டாம்" என்றார். அண்ணன் நீட்டிய இருநூறு ரூபாயை வாங்க மறுத்துவிட்டார். தன் கைக்கு எட்டாதது எது என்று தெரிந்த மனிதர். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

எல்லா வைத்தியரும் அப்படி இருக்கமாட்டார்கள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தக் கட்டாக இருந்தாலும், கட்டிய பிறகு விரல்கள் மரத்துப்போனாலோ, குளிர்ந்து நிறம் மாறினாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கட்டை உடனே தளர்த்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும்.

ஐந்தாம் நாள் போலுப்பள்ளியில் இருக்கும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். காலை ஏழரைக்கே புறநோயாளிச் சீட்டுக்கு வரிசை. பதினொரு மணிக்கு எங்கள் முறை வந்தது. இளம் எலும்பு மருத்துவர் ஒருவர். முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுத்தார். முதலில் நல்ல கால். கட்டிய கயிறு இழுபட்டு நிற்பதுபோல் ஓரிடத்தில் நின்றது. அடிபட்ட காலில் அந்த நிறுத்தம் இல்லை, எலும்பு நழுவி முன்னால் வந்தது. என் கண்ணுக்கே தெரிந்தது. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. காயம் பட்ட அன்று வீக்கத்திலும் வலியிலும் தொடை இறுகியிருக்கும், சோதனை சரியாக வராது, அதனால்தான் சில நாள் கழித்து மறுபடி வரச் சொல்ல வேண்டும் என்று விளக்கினார். முதல் மருத்துவமனையில் எங்களுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு வார்த்தைதான்.

எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மையத்தில் அன்று மாலையே எடுத்தோம், மறுநாள் படம் கைக்கு வந்தது. கனடாவில் இதற்கு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். இங்கே ஒரே நாள். முன் சிலுவை ஜவ்வு முழுதாகக் கிழிந்திருந்தது. மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு தப்பியிருந்தது. அது கிழிந்தால் சிலருக்கு மூட்டு பாதியில் சிக்கிக்கொண்டு நீட்ட வராது என்றார்கள்.

படத்தை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போய் ஒரு விளையாட்டு மருத்துவரைப் பார்த்தோம். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தான், பஸ்ஸிலேயே போனோம். கட்டணம் 1,200 ரூபாய். காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் அந்தக் கூடமே எனக்குப் பாடம் நடத்தியது. ஓசூர்ப் பெண் ஒருத்தி, காவலர் உடற்தகுதித் தேர்வுக்காகத் தார்ச்சாலையில் ஓடிப் பழகுகிறவள். ஓடும் தூரத்தை ஒரே மாதத்தில் இரட்டிப்பாக்கியிருக்கிறாள், முன்னங்கால் எலும்பில் விரல் வைக்க முடியாத வலி. பதினாறு வயது வேகப்பந்து வீச்சாளனுக்கு முதுகைப் பின்னால் வளைத்தால் வலி. இடுப்பு முள்ளெலும்பில் மயிரிழை விரிசல், மாதக்கணக்கில் பந்தைத் தொடக் கூடாது. பூப்பந்து ஆடும் நாற்பது வயதுக்காரர் ஒருவர், யாரோ பின்னாலிருந்து உதைத்ததாக நினைத்துத் திரும்பிப் பார்த்தாராம், அங்கே ஆளே இல்லை. கெண்டைச் சதையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் அறுந்திருந்தது. கெண்டைச் சதையைப் பிழிந்தால் பாதம் அசையவில்லை என்று மருத்துவர் செய்து காட்டியதை எங்களிடம் சொன்னார். தோள் மூன்றாம் முறை இறங்கிவிட்ட கைப்பந்து வீரன் ஒருவனும் இருந்தான். இளம் வயதில் ஒருமுறை இறங்கிய தோள் மறுபடி இறங்கும் வாய்ப்பு மிக அதிகம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் எந்த விளையாட்டும் ஆடியதில்லை. முழங்கையின் வெளிப்பக்கம் வலி, துணி பிழிய முடியவில்லை, சொம்பைத் தூக்க முடியவில்லை. அதற்குப் பெயர் டென்னிஸ் எல்போவாம். எங்கள் அம்மாவும் இதையேதான் இரண்டு ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு வேளையும் பால் கறக்கும் கை அது. யாரும் அதைக் காயமாக நினைத்ததில்லை, நானும்தான்.

மருத்துவர் அவசரப்படுத்தவில்லை. முழுதாகக் கிழிந்த இந்த ஜவ்வு பழையபடி தானாகச் சேர்வது அரிது. ஆனாலும் எல்லாருக்கும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை, திரும்பித் திரும்பி ஆடும் கபடிக்கு மறுபடி போக நினைப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் செய்கிறோம் என்றார். அதுவும் வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீட்ட வந்த பிறகுதான். உடம்பின் வேறோர் இடத்து நாரை எடுத்து உள்ளே பொருத்துவார்கள். அதன்பின் குறைந்தது ஒன்பது மாதம். அதற்கு முன் களத்தில் இறங்கினால் மறுபடி கிழியும் ஆபத்து கூடும். பையன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் மாவட்ட அணித் தேர்வு இருந்தது அவனுக்கு.

ஊரில் எனக்கு நிறைவு தந்த சேவை பிறகுதான் அமைந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட் ஒருவர், பக்கவாதம் வந்த எங்கள் எதிர்வீட்டுப் பாட்டிக்குப் பயிற்சி தர வருகிறார். நடக்க முடியாதவர்களுக்கான ஏற்பாடு அது, எங்கள் பையன் அந்தக் கணக்கில் வரமாட்டான். இருந்தும் கேட்டவுடன் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தார் அந்தப் பெண். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைத் தரையோடு அழுத்திப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். பிறகு காலை நீட்டியபடியே ஒரு முழம் உயர்த்தி இறக்க வேண்டும். இரண்டு வாரம் சும்மா கிடந்தாலே தொடைச் சதை கரைந்துவிடும் என்று சொல்லி, இரண்டு தொடையின் சுற்றளவையும் அளந்து காட்டினார். வலது தொடை இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் வாயிலிருந்து "எலும்பு உடையவில்லை" என்ற பேச்சு நின்றது.

இப்போது வாரம் இருமுறை கிருஷ்ணகிரிக்குப் பிசியோதெரபிக்குப் போகிறான். அறுவை சிகிச்சை பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. நான் விமானம் ஏறிய அன்று, தரையில் காலை நீட்டி உட்கார்ந்தால் முழங்காலுக்கு அடியில் மூன்று விரல் நுழையும் இடைவெளி இருந்தது. நேற்று வீடியோ அழைப்பில் அண்ணன் கைபேசியைத் தரையோடு வைத்துக் காட்டினார். ஒரு விரல்கூட நுழையவில்லை.