சைலன்சரைத் திருப்பித் தந்தார்கள், உள்ளே இருந்ததைத் தரவில்லை: வடசென்னையில் பைக் மாற்றம் செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய பைக் ஒன்றை வாங்கி, கையில் இருக்கும் சிறு தொகைக்குள் அதைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் நம் பகுதியில் ஏராளம். பட்டறையில் வண்டியை விடும்போது எல்லோருடைய கவனமும் புதிதாகப் பூட்டப்போகும் பொருள்களின் மீதே இருக்கிறது. கழற்றப்படும் பொருள் என்ன ஆகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. என்னிடம் நடந்த மோசடியில் பெரும்பகுதி, கழற்றிய பொருளில்தான் நடந்தது. புகார் இன்னும் முடிவடையாததால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. வியாசர்பாடிப் பக்கம் உள்ள பட்டறை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் வண்டி, 2017-ஆம் ஆண்டு பதிவான பல்சர் 150. பி.எஸ். 4 எனப்படும் புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்த பின் வந்த வண்டி. தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்கு இரவு ஷிப்டு வேலைக்குப் போய்வருகிறேன். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் அந்தச் சாலைகளில் இரவில் பைக் ஓட்டியவர்களுக்கு, நல்ல வெளிச்சமும் நல்ல பின் டயரும் ஏன் வேண்டும் என்று நான் விளக்கத் தேவையில்லை. கடல் காற்றில் அலாய் வீல்களின் பூச்சும் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. ஆகவே நான் கேட்டது மூன்றே வேலைகள்: இரண்டு சக்கரங்களுக்கும் அடர் சாம்பல் நிறத்தில் பவுடர் கோட்டிங், நிறுவனம் கொடுத்த அதே 100/90-17 அளவில் (முதல் எண், மில்லிமீட்டரில் டயரின் அகலம்) புதிய பின் டயர், முன்பக்கம் இரண்டு எல்.இ.டி. விளக்குகள். சைலன்சர் மாற்றம் என் பட்டியலில் இல்லை. மொத்தமாக 16,000 ரூபாய்க்கு ‘பேக்கேஜ்’ போட்டால் சைலன்சரும் அதற்குள் வந்துவிடும் என்றும், தனித்தனியாகச் செய்தால் ஏறக்குறைய அதே தொகைதான் ஆகும் என்றும் கடைக்காரர் சொன்னார். பழைய சைலன்சர் எனக்குத் திரும்ப வேண்டும் என்றேன்.

“அத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற தம்பி? காயலான் கடைக்குத்தான் போவும்” என்று சிரித்தார். இருந்தாலும், செய்ய வேண்டிய வேலைகளையும், கழற்றும் பொருள்கள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் குறியோடு பதில் வந்தது. முன்பணம் 8,000 ரூபாயை ஜிபேயில் செலுத்தினேன். பில் கேட்டபோது, வேலை முடிந்ததும் தருவதாகச் சொன்னவர் கடைசிவரை தரவில்லை.

வண்டி கைக்கு வந்தபோது பார்வைக்கு நன்றாகவே இருந்தது. பின்னால் 130/70-17 டயர் போட்டிருந்தார்கள். நான் கேட்ட அளவு அதுவல்லவே என்றதற்கு, “அதே காசுக்குப் பெரிசா போட்டுக்கீறேன்பா, நஷ்டம் எனக்குத்தான்” என்று, ஏதோ சலுகை செய்தவர்போல் பேசினார். பழைய சைலன்சரைக் கோணிப்பையில் சுற்றி, நூல் போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள்.

சில வாரங்களில் மூலக்கடை அருகே போக்குவரத்துக் காவலர் ஒருவர் நிறுத்தினார். அவர் தன்மையாகத்தான் பேசினார். ஆனால் சைலன்சரை மாற்றியதற்காகச் சலான் போட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு, அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்கிறது. 80 முதல் 175 சி.சி. வரையிலான வண்டிகளுக்குத் தயாரிப்பு நிலையிலேயே ஒலி அளவு 77 டெசிபல் என வரையறுக்கப்பட்டிருக்கிறது. பட்டறைக்காரர் பூட்டிய சைலன்சர் அதையெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். நடைமுறையில் சாலையில் அகப்படுபவர் வண்டியை ஓட்டும் சொந்தக்காரர்தான் என்பதால், இப்படிப்பட்ட பொருளை விற்றுப் பூட்டிக் கொடுப்பவருக்குப் பெரிதாக அச்சம் இருப்பதில்லை.

பழைய சைலன்சரையே மாட்டிவிடலாம் என்று, ராயபுரத்தில் வெகுகாலமாகப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். கோணிப்பையைப் பிரித்துச் சைலன்சரைக் கையில் தூக்கியதுமே அவர் முகம் மாறியது. “கனமே இல்லியே தம்பி” என்றவர், அடிப்பக்கத்தில் உப்புத்தாளால் தேய்த்தார். வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயிண்டுக்குக் கீழே, சுற்றிலும் புதிதாக வெல்டிங் வைத்த கோடு தெரிந்தது. சைலன்சரை வெட்டித் திறந்து, உள்ளே இருந்த கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துக்கொண்டு, மறுபடியும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒட்டிய பிறகு பெயிண்டும் அடித்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கோணிப்பையில் சுற்றிப் பரண்மேல் போடப்போகும் பொருளுக்கு யாரும் காரணமில்லாமல் பெயிண்ட் அடிப்பதில்லை.

அந்தக் கன்வர்ட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கு அது வண்டியில் இருப்பதே தெரியாது. தேன்கூடுபோலச் சிறு சிறு துளைகள் கொண்ட ஒரு கட்டை அது. அதன் மேற்பரப்பில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். எஞ்சினிலிருந்து வரும் புகை அந்தத் துளைகள் வழியே போகும்போது, கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் தீங்கு குறைந்தவையாக மாறுகின்றன. பூச்சில் இருக்கும் உலோகத்தின் அளவு சொற்பமே என்றாலும் விலை உயர்ந்தது என்பதால், அந்தக் கட்டையைத் தனியாக விலைக்கு வாங்க ஆள் இருக்கிறார்கள். வெறும் இரும்புக் கூடுதான் காயலான் கடைக்குப் போகும். நாம் சைலன்சர் மாற்றக் காசு கொடுக்கிறோம். கடைக்காரருக்கு அந்தக் காசும் வருகிறது, கட்டையை விற்ற காசும் வருகிறது. கேட்காத சைலன்சரை ‘பேக்கேஜில்’ சேர்த்துக் கொடுத்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதன்பின் வண்டி முழுவதையும் பார்த்துவிடும்படி பெரியவரிடமே கேட்டுக்கொண்டேன். பெட்ரோலில் நனைத்த துணியால் சக்கரத்தின் உட்பக்கத்தைத் துடைத்தார். துணியில் சாம்பல் நிறம் ஏறியது. அடியில் பழைய கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது. பவுடர் கோட்டிங் என்பது, பழைய பூச்சை முழுவதும் நீக்கி, மின்னேற்றிய தூளைத் தெளித்து, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அடுப்பில் சுட்டெடுக்கும் வேலை. டயரையும் பேரிங்கையும் கழற்றாமல் அதைச் செய்யவே முடியாது. என் முன் டயரின் விளிம்பில் சாம்பல் நிறத் தூவல் படிந்திருந்ததே, டயர் சக்கரத்தில் இருக்கும்போதே ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. நன்றாகச் சுட்ட பவுடர் பூச்சு, பெட்ரோல் துணிக்கு இப்படிக் கரைந்து வராது.

டயரின் கதை இன்னும் மோசம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு, தயாரான வாரம், அடுத்த இரண்டு, ஆண்டு. அந்த எண் செயின் பக்கம் பார்த்திருக்குமாறு டயரைப் போட்டிருந்ததால் என் கண்ணில் படவில்லை. பெரியவர் டார்ச் அடித்துக் காட்டியபோது 2316 என்றிருந்தது, அதாவது 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வண்டியைவிட ‘புதிய’ டயருக்கு வயது அதிகம். தேய்ந்த பள்ளங்களைக் கத்தியால் ஆழப்படுத்தி, கறுப்புப் பாலிஷ் பூசியிருந்தார்கள். போதாததற்கு, 130/70-17 டயருக்குக் குறைந்தது 3 அங்குல அகலமுள்ள ரிம் தேவை. என் வண்டியின் ரிம் அந்த அளவுக்கு அகலமில்லை. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் இரு பக்கமும் நெருக்கப்பட்டு நடுப்பகுதி மட்டும் புடைத்துக்கொள்ளும். தரையைத் தொடும் பரப்பு கூடுவதற்குப் பதிலாகக் குறையும். திருப்பங்களில் வண்டி தடுமாறியதற்கும், செயின் கவரில் டயர் உரசியதற்கும் இதுவே காரணம். அகலமான டயர் என்றால் பிடிப்பு அதிகம் என்று பேசிக்கொள்பவர்கள் ரிம்மின் அளவைச் சொல்வதே இல்லை.

விளக்குகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று 20 வாட் வீதம் இரண்டு விளக்குகள் சேர்ந்து 12 வோல்ட்டில் 3 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். பேட்டரிக்கு அருகில் ஒரு 5 ஆம்பியர் பியூஸும், விளக்குக்கான மின்னோட்டத்தைத் தாங்கி இயக்கும் ஒரு ரிலே சுவிட்சும் வைத்திருந்தால் போதும். இரண்டுமே இல்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, முறுக்கி, டேப் ஒட்டியிருந்தார்கள். ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயரின் தோல் உரசி உரிந்திருந்தது. பெட்ரோல் டேங்குக்குக் கீழே ஓடும் ஒயர் அது.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். “நீ எட்த்துனு போயி எங்க குட்த்து வெட்னியோ, என்னாண்ட வந்து கேக்கிற” என்றார். பெரியவரிடம் கொண்டுபோகும்வரை கோணிப்பையை நான் பிரிக்கவே இல்லை என்பதை அவரிடம் எப்படி நிரூபிப்பது? நல்லவேளையாக, வண்டியை விடுவதற்கு முன் நான்கு பக்கமும் எடுத்த படங்களில் சைலன்சரின் அடிப்பக்கம் எந்த வெட்டும் இல்லாமல் தெளிவாகத் தெரிகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு ‘வடசென்னைப் பட்டறைகளே இப்படித்தான்’ என்று யாரும் எழுத வேண்டாம். 1956 முதல் புல்லட் தயாரித்த தொழிற்சாலை இருந்ததும், பலூன் செய்யும் சிறு கூடமாக 1946-இல் எம்.ஆர்.எஃப். தொடங்கியதும் திருவொற்றியூரில்தான். இரும்பும் ரப்பரும் அறிந்த கைகள் இங்கே நிறைய உண்டு. என் வண்டியின் குறைகளைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் இந்தப் பகுதிக்காரரே. அதற்கு அவர் வாங்கிக்கொண்டது ஒரு சர்வீஸ் கூலி மட்டும்.

பில் இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று நண்பர்கள் பலர் சொன்னார்கள். அது சரியல்ல. பணம் செலுத்திய ஜிபே பதிவும், வேலையைக் குறிப்பிட்ட வாட்ஸ்அப் உரையாடலும், படங்களும் சான்றுகளே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நான் 1915-இல் பதிந்துவிட்டேன். ஆணையத்துக்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டயரையும் ஒயரிங்கையும் உடனே மாற்றிவிட்டேன், அவை காத்திருக்கக் கூடியவை அல்ல. சக்கரத்தின் நிறம் இருந்தபடியே இருக்கட்டும். கம்பெனி சைலன்சர் புதிதாக வாங்கத் தொகை சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், கொடுங்கையூர்ப் பக்கம் அண்மையில் சைலன்சர் மாற்றியவர்கள், திரும்பி வந்த பழைய சைலன்சரின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். வெல்டிங் கோடு தெரிந்தால் அதை மறுபடி வெட்டவோ விற்கவோ செய்யாமல், படம் எடுத்து, அப்படியே எடுத்து வையுங்கள். ஒரே பட்டறையில் ஒரே மாதிரி வெட்டிய சைலன்சர்கள் இரண்டு மூன்று சேர்ந்தால், நான்தான் எங்கோ கொண்டுபோய் வெட்டினேன் என்ற பதில் ஆணையத்தில் நிற்காது.