மாத்திரைக்குப் பிறகான பகல்பொழுது: வேலூர்ப் பகுதியில் மனநோயாளிகளுக்குத் துணைநிற்கும் அமைப்புகள், ஒரு குடும்பத்தின் நீண்டகால அனுபவம்

குடியாத்தத்தில் எங்களுடன் வசிக்கும் என் தம்பிக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் இருப்பது உறுதியாகிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. இந்த ஆண்டுகளில் மருத்துவமனை, அரசுத் திட்டம், தொண்டு நிறுவனம், தனியார் இல்லம், தொலைபேசி உதவி எனப் பலவகை அமைப்புகளை நாங்கள் நாடியிருக்கிறோம். அவற்றைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. புதிதாக இந்த நோயை எதிர்கொள்ளும் குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த டாக்டர் நல்ல டாக்டர்?" என்பதைத்தான். நல்ல மருத்துவர் கட்டாயம் வேண்டும். ஆனால் நோயின் வேகம் தணிந்த பிறகு, காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை அந்த மனிதர் எங்கே இருப்பார், என்ன செய்வார் என்று எந்த அமைப்பு நம்மிடம் கேட்கிறதோ, அதுதான் நெடுங்காலம் துணைநிற்கும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் பகுதியின் பெரும்பாலான வீடுகளைப் போலவே எங்கள் வீட்டிலும் முதல் சில மாதங்கள் மந்திரிப்பிலும் தாயத்திலும் விரிஞ்சிபுரத்துக் கோயில் வேண்டுதலிலும் கழிந்தன. அம்மாவுக்கு அந்த வேண்டுதல்கள் தந்த மனவலிமையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பிற்பாடு நாங்கள் பார்த்த மருத்துவர் எவரும் கோயிலுக்குப் போகக்கூடாது என்று சொல்லவில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றே சொன்னார்கள்.

எங்களுக்கு முதலில் பிடிமானம் கிடைத்த இடம் வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையம். காட்பாடியிலிருந்து வரும் ஒன்றாம், இரண்டாம் எண் நகரப் பேருந்துகள் பாகாயம் வரை செல்வதால் வெளியூர்க்காரர்களுக்குப் போய்ச் சேர்வது எளிது. அங்கே உள்நோயாளியாகச் சேர்க்கப்படுபவருடன் குடும்பத்தினர் ஒருவராவது தங்கியே ஆக வேண்டும். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர் நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் அமைத்துத் தங்கவைத்தார். ஏறத்தாழ அதே காலகட்டத்தில் வேலூரிலும் இந்த முறை வேரூன்றியது. நாட்டின் மற்ற இடங்களில் நோயாளியை மதிலுக்குள் விட்டுவிட்டு உறவினர் திரும்பிவிடுவதே வழக்கமாக இருந்த காலம் அது. கூலி வேலையை விட்டுவிட்டு வந்து தங்க வேண்டியிருந்தபோது எங்களுக்கு இந்த விதி பெருஞ்சுமையாகத் தோன்றியது உண்மை. ஆயினும் இந்த நோயைப் பற்றி நாங்கள் அறிந்தவற்றில் பெரும்பகுதி, அந்த நாள்களில் பக்கத்து அறைக் குடும்பங்களிடமிருந்தும் செவிலியர்களிடமிருந்தும் மருத்துவ சமூகப் பணியாளரிடமிருந்தும் கற்றுக்கொண்டதுதான். காதில் குரல் கேட்கிறது என்று தம்பி சொன்னால், "அப்படி எதுவும் இல்லை" என்று வாதாடவும் வேண்டாம், "ஆமாம், எனக்கும் கேட்கிறது" என்று ஒத்துப்பாடவும் வேண்டாம், "உனக்கு அது பயமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அதை இன்றுவரை பிசகாமல் கடைப்பிடிக்கிறார்.

அங்கு நான் கவனித்த இன்னொன்று, மருத்துவர் எங்களைப் பார்ப்பதற்கு முன் தம்பியைப் பார்த்துப் பேசியது. "தம்பி, ராத்திரி தூக்கம் எப்படி இருக்கு? கை நடுங்குதா?" என்று நேராக அவனிடம் கேட்டார். உறவினரிடம் மட்டும் பேசி, எதிரில் அமர்ந்திருப்பவரை ஒரு பொருளைப் போல நடத்தும் இடங்களையும் பின்னர் பார்த்ததால் இதைக் குறிப்பிடுகிறேன். கை நடுக்கத்தைப் பற்றிய கேள்வி எங்கள் குடும்பத்துக்கு மிக முக்கியமானது. தம்பி கைத்தறியில் லுங்கி நெய்தவன். மனச்சிதைவுக்குத் தரும் மருந்துகள் சிலவற்றால் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரும். அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட வேண்டியவனுக்கு அது தொழிலையே பறித்துவிடும். அவன் என்ன வேலை செய்பவன் என்பதைக் கேட்டறிந்த பிறகு மருத்துவர் மருந்தை மாற்றினார். வேறு சில மருந்துகளில் நடுக்கம் குறைவு, ஆனால் உடல் எடையும் சர்க்கரையும் ஏறும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். பின்னாளில் குளோசபின் என்ற மருந்தைத் தொடங்கியபோது, இரத்த வெள்ளை அணுக்கள் குறைகின்றனவா என்று முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் பரிசோதிக்க வேண்டியிருந்தது. இந்த மருந்தை எடுத்துக்கொள்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் சாதாரணச் சளி என்று விட்டுவிடாமல் அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். பாகாயத்தில் கட்டணம் உண்டு. குடும்பத்தின் நிலையைச் சமூகப் பணியாளரிடம் மறைக்காமல் சொன்னால் சலுகைக்கு வழி செய்வார்கள்.

செலவு தாங்காத நாள்களில் அரசு அமைப்பே எங்களைக் காப்பாற்றியது. அடுக்கம்பாறையில் உள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்குகிறது, மருந்துகள் இலவசம். இது தவிர, 1996-இல் நாட்டில் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் குழு வட்ட மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் வருகிறது. தன் ஊர்ப் பக்கத்திலேயே மாத்திரை கிடைப்பதால் எத்தனை பேர் சிகிச்சையை விடாமல் தொடர்கிறார்கள் என்பதை அந்த வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள். குறையும் உண்டு. கூட்டம் மிகுந்திருப்பதால் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. நாங்கள் மருந்து வாங்கிய ஓரிடத்தில் ஒரு மாத்திரை இருப்பில் இல்லாத மாதங்களும் இருந்தன. அதனால் பத்து நாளுக்கான மாத்திரையை எப்போதும் கையிருப்பில் வைத்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டோம். வைகாசியில் எங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நெருங்கும்போது இது இன்னும் அவசியமாகிறது. ஊரே விழித்திருக்கும் அந்த நாள்களில் மேளச் சத்தமும் தூக்கமின்மையும் சேர்ந்து தம்பியின் நிலை தடுமாறுவதை உணர்ந்ததால், திருவிழாவுக்கு முந்தைய வாரமே மருத்துவரைப் பார்த்துவிடுகிறோம். சிரசு ஊர்வலத்தை அவன் எங்கள் தெருமுனையில் நின்று பார்க்கிறான். இரவில் அத்தை வீட்டில் படுத்துக்கொள்கிறான்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பற்றிப் பலருக்கும் தெரிவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. மனநோயும் அவற்றில் ஒன்று. கையும் காலும் நன்றாக இருக்கும்போது எதை வைத்துச் சதவீதம் போடுவார்கள் என்று கேட்கலாம். இதற்கென்று ஓர் அளவீட்டு முறை இருக்கிறது. தன்னைத் தானே பேணிக்கொள்ளுதல், பிறருடன் பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை செய்தல் ஆகிய நான்கு தளங்களுக்கும், நோய் நீடித்த காலத்துக்கும் மதிப்பெண் தருகிறார்கள். மொத்தம் 20-இல் 7-ஐத் தொட்டால் 40 சதவீதம் எனக் கணக்கு. பெரும்பாலான சலுகைகளுக்கு அதுதான் வாசல். இந்த மதிப்பீட்டுக்குப் போகும்போது குடும்பத்தினர் வெட்கப்பட்டு, "எல்லா வேலையும் அவனே செய்துகொள்வான்" என்று சொல்லிவிடுகிறார்கள். குளிக்க எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது, கடைக்குத் தனியாகப் போய் மீதிச் சில்லறையை வாங்கி வருகிறாரா என்பது போன்றவற்றை முன்கூட்டியே தாளில் எழுதிக் கொண்டுபோவது நல்லது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூரிலும், ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் இராணிப்பேட்டையிலும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை அணுக வேண்டும்.

தனியார் இல்லத்தில் எங்களுக்கு ஏற்பட்ட அனுபவம் வேறு. அப்பா உடல்நலம் குன்றியிருந்த சமயத்தில் தம்பியைச் சில மாதங்கள் ஓர் இல்லத்தில் விட நேர்ந்தது; அதன் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். முன்பணம் பெரிதாக இருந்தது. சேர்ந்த மறுநாளே அவனுக்கு மொட்டையடித்தார்கள். முதல் மாதம் தொலைபேசியில் பேச அனுமதி இல்லை என்றார்கள். என்ன மருந்து தருகிறார்கள் என்று கேட்டதற்கு எழுத்தில் பதில் கிடைக்கவில்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) இவற்றில் எதையும் அனுமதிக்கவில்லை என்பதை ஒரு சட்ட உதவி வழக்கறிஞர் வழியாக அறிந்தோம். கட்டாய மொட்டை கூடாது; அவரவர் உடையை அணிய விரும்பினால் அணியலாம்; செய்யும் வேலைக்கு ஊதியம் தர வேண்டும்; பார்வையாளரைச் சந்திக்கவும் தொலைபேசியில் பேசவும் உரிமை உண்டு; மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறலாம்; எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது. சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்ட பிறகு அவர்களுடைய பேச்சின் தொனி மாறியது. நாங்கள் தம்பியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம். இல்லத்தில் சேர்க்கும் முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். சான்று இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். சங்கிலிக்கு எதிரான அந்த விதிக்குப் பின்னால் அவர்கள் இருக்கிறார்கள்.

தம்பியின் பகல்பொழுதைப் பற்றிய யோசனை எங்களுக்குத் தெளிவாகக் கிடைத்தது சென்னையில்தான். மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்காகவே உருவானது. அங்கே பகல்நேர மையம் இருக்கிறது, தொழிற்பயிற்சி தருகிறார்கள், குடும்பத்தினர் ஒன்றுகூடிப் பேசுகிறார்கள். குடியாத்தத்திலிருந்து நாள்தோறும் அங்கே போவது நடவாத காரியம். ஆனால் அங்கிருந்த பணியாளர் தம்பியிடம் தறி வேலையின் ஒவ்வொரு படியையும் விசாரித்து, "நெய்வது இப்போது கடினமாக இருந்தால், தார் சுற்றுவதிலிருந்து தொடங்கலாமே" என்றார். தார் சுற்றுவது என்றால் நெசவுக்கான ஊடை நூலைச் சிறு குச்சியில் சுற்றுவது. அந்த ஒரு யோசனை எங்கள் வீட்டை மாற்றியது. பக்கத்துத் தறிக்காரரிடம் பேசி, காலையில் மட்டும் தார் சுற்றப் போனான். கூலி சொற்பம்தான். இருந்தாலும் எழுந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வெளியே போவதற்கு அவனுக்கு ஓர் இடம் கிடைத்தது. பிறகு கூலியில் மிச்சம் பிடித்து அம்மாவுக்கு வெற்றிலை வாங்கி வரத் தொடங்கினான். மருந்தால் மட்டும் இந்த நிலைக்கு வந்திருப்போம் என்று நான் நம்பவில்லை. மருந்து இல்லாமலும் வந்திருக்க மாட்டோம்.

ஸ்கார்ஃப் புதுக்கோட்டை மாவட்டத்தில், மருத்துவரிடம் காணொளி வழியாகப் பேசி அங்கேயே மருந்தும் பெறும் வசதியுள்ள பேருந்தைக் கிராமங்களுக்கு அனுப்பியது. சவ்வாது மலை ஊர்களிலிருந்து இறங்கி வரவே அரை நாள் ஆகும் எங்கள் பகுதிக்கு அப்படியொன்று வராதா என்று ஏங்குகிறேன்.

நள்ளிரவு நெருக்கடிகளுக்கு 14416 என்ற எண் பயனுள்ளதாக இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையின் எண் அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தம்பி இரண்டு இரவு தூங்காமல் நடந்துகொண்டிருந்த சமயத்தில் நான் அழைத்தேன். அவசரப்படாமல் கேட்டு, வீட்டில் என்னென்ன பொருள்களை அப்புறப்படுத்தி வைக்க வேண்டும், காலையில் எங்கே போக வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார்கள். கடைசியில், "நீங்க சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்டார் அந்தப் பெண். பராமரிப்பவரிடம் அப்படி யாரும் கேட்பதில்லை.

எங்களுக்குப் பிறகு அவன் என்ன ஆவான் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்றவற்றுக்குப் பாதுகாவலரை நியமிக்க வழிசெய்யும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் மனநோய் சேர்க்கப்படவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தனக்காகப் பேசுவதற்கு ஒரு பிரதிநிதியை அவரே எழுத்து மூலம் நியமிக்கலாம். நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையும் நல்ல நிலையில் இருக்கும்போதே எழுதி வைக்கலாம். தம்பி தெளிவாக இருந்த ஒரு மாதத்தில் இரண்டையும் எழுதினான். என்னை நியமித்தான், எனக்குப் பின் எங்கள் சித்தி மகனை எழுதச் சொன்னான். தங்குவதற்கு எங்கே என்றால், 1993-இல் சென்னையில் தொடங்கப்பட்ட பான்யன் அமைப்பு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. மதிலுள்ள இல்லத்துக்குப் பதிலாக, சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் நான்கைந்து பேர் சேர்ந்து சமைத்து வாழ, ஒரு பணியாளர் உடன்நின்று உதவுகிறார். பாகாயத்தில் பழக்கமான சில குடும்பங்கள் சேர்ந்து, குடியாத்தத்திலோ கே.வி.குப்பத்திலோ முதலில் ஒரு பகல்நேர இடத்தையாவது தொடங்கலாம் என்று பேசி வருகிறோம். கூடத்தின் வாடகையைக் குடும்பங்கள் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டிருக்கின்றன. பயிற்சி பெற்ற ஒரு சமூகப் பணியாளருக்கு மாதந்தோறும் தவறாமல் தர வேண்டிய சம்பளத்துக்குத்தான் இன்னும் வழி தேட வேண்டியிருக்கிறது.